செங்கீரை முதல் அம்புலி வரை: புகலிடத்தில் குழந்தைப் பருவங்கள் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

புலம்பெயர்ந்த தமிழரின் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டவற்றில் மூன்று வகையான திகதிகளே பெரும்பாலும் இடம்பெறுகின்றன: நாட்டைவிட்டுப் புறப்பட்ட திகதி, புகலிடக் கோரிக்கை ஏற்கப்பட்ட அல்லது நிராகரிக்கப்பட்ட திகதி, இறந்த திகதி. நான்காவதாக ஒரு வகையும் உண்டு. குழந்தை உடம்பு பிரட்டிய நாள், முதற்பல் கண்ட நாள், பிடியை விட்டு நடந்த நாள் என்பன அவை. எங்கள் வீடுகளில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் திகதிகள் இவைதான். ஆனால் எந்த ஆவணத் தொகுப்பிலும் இவற்றைக் காணமுடியாது.

இது ஒரு விவாத இதழில் எழுதத்தக்க விடயமா என்ற கேள்வி எழும். யுத்தம், இனப்படுகொலை, தேசியம், சாதி, பெண்விடுதலை என்று பேசவேண்டியவை குவிந்து கிடக்கும்போது பேரப்பிள்ளை தவழ்ந்த கதை எதற்கு என்று நண்பர்கள் சிலர் நேரிலேயே கேட்டார்கள். அவர்களுக்கான பதிலாகவும் இக்கட்டுரையைக் கொள்ளலாம். குழந்தை நடப்பது இயற்கை. ஆனால் அது யார் முன்னிலையில் நடக்கிறது, அதை யார் பதிந்து வைக்கிறார்கள், அதைக் கண்டு மகிழும் உரிமை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பவை அனைத்தும் வரலாற்றுக்கும் அரசியலுக்கும் உரிய கேள்விகள். அவுஸ்திரேலியாவில், குறிப்பாக மெல்பேணிலும் சிட்னியிலும் நடந்தவற்றை வைத்து இதை நோக்குவோம்.

1. ஏவல் மொழியில் ஒரு வளர்ச்சிப் பதிவேடு

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாக வகுத்து அதை ஓர் இலக்கிய வகையாகவே ஆக்கிய மொழி தமிழ். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற ஏழும் ஆண் பெண் இருபாலாருக்கும் பொது. எஞ்சிய மூன்றும் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் பெரும்பாலும் அமையும். பாட்டியல் நூல்கள் இவற்றுக்கு மாதங்களும் குறிக்கின்றன. நூலுக்கு நூல் வேறுபாடு இருந்தாலும், 3 ஆம் மாதத்தில் தொடங்கி 21 ஆம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களாகக் கொள்ளும் வழக்கே பரவலானது.

இந்த மாதங்கள் வெறும் சோதிட எண்களல்ல. 5 ஆம் மாதத்துச் செங்கீரை என்பது குழந்தை கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி மற்றதை நீட்டி, தலையை நிமிர்த்தி அசைவது. சப்பாணி 9 ஆம் மாதத்தில் கைகொட்டுவது. வருகை 13 ஆம் மாதத்தில் தளர்நடையாக நடந்து வருவது. குழந்தை வளர்த்த எவருக்கும் இந்த வரிசை பழக்கமானதே. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் குழந்தைகளை அவதானித்து 2006 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பிடியின்றி நடத்தல் 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையில் நிகழ்கிறது. சராசரி ஏறத்தாழ 12 மாதம். பாட்டியலாரின் 13 ஆம் மாதம் இதிலிருந்து அதிகம் விலகவில்லை. பெயரறியாத தாய்மாரும் ஆச்சிமாரும் தலைமுறை தலைமுறையாகக் கண்டு சொன்னதைத்தான் புலவர்கள் இலக்கணமாக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் இங்கே நான் அழுத்த விரும்புவது வேறொன்று. பிள்ளைத்தமிழின் பருவங்கள் ஏவல் மொழியில் அமைந்தவை. ஆடு, கொட்டு, தா, வா என்றே ஒவ்வொரு பருவமும் குழந்தையை நோக்கிப் பேசுகிறது. அம்புலிப் பருவத்தில் நிலாவையே விளையாட வா என்று அழைக்கிறது. எங்கள் ஆச்சிமார் பாடிய கைவீசும் பாட்டும் சாய்ந்தாடும் பாட்டும் இதே இலக்கணத்தில்தான் அமைந்தன. இதன்படி பருவம் என்பது குழந்தை தனித்துச் செய்யும் செயலன்று. அழைப்பவர் ஒருவர், வருபவர் ஒருவர், சுற்றி நின்று பார்ப்பவர் பலர் என்ற மூன்று தரப்பு அதற்கு வேண்டும். மதுரையில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது அம்மனே குழந்தையாக வந்து திருமலை நாயக்கரின் மடியில் இருந்தாள் என்ற மரபுக் கதையும், இந்தப் பாட்டுக்குக் கூட்டம் வேண்டும் என்பதையே காட்டுகிறது.

இந்த மரபின் வர்க்கத் தன்மையையும் மறைக்கவேண்டியதில்லை. இன்று கிடைப்பவற்றுள் முதலாவதாகக் கொள்ளப்படும் பிள்ளைத்தமிழ் 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மீது பாடியது. அதற்கு முன்பே பெரியாழ்வார் யசோதையின் குரலில் கண்ணனைப் பாடிவிட்டார். பின்னர் முருகனுக்கும் மீனாட்சிக்கும், 19 ஆம் நூற்றாண்டில் நபிநாயகத்துக்கும், பிற்காலத்தில் அரசியல் தலைவர்களுக்கும் பிள்ளைத்தமிழ்கள் எழுந்தன. அரசனும் தெய்வமும் தலைவனும் குழந்தையாயினர். கூலிக்காரியின் குழந்தைக்கு எந்தப் புலவனும் பருவம் பாடவில்லை. அதைப் பாடியது அயல்தான்.

2. அச்சேறாத முப்பத்தோராம் நாள்

யாழ்ப்பாணத்து வழக்கில் பிறப்புக்கும் இறப்புக்கும் பொதுவான ஓர் எண் உண்டு. பிள்ளை பிறந்து 31 ஆம் நாள் துடக்குக் கழிவு. ஆள் இறந்து 31 ஆம் நாள் அந்தியேட்டி. இரண்டாவதற்கு எங்களிடம் ஓர் அச்சு மரபு இருக்கிறது. கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவு மலரில் இறந்தவரின் பிறப்பு, கல்வி, உத்தியோகம், மணம், மக்கள், மருமக்கள் எல்லாம் பதியப்படும். வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், யாழ்ப்பாணச் சமூக வரலாற்றுக்குக் கல்வெட்டைவிடச் சிறந்த வீட்டு ஆவணம் கிடையாது. ஆனால் முதலாவது 31 ஆம் நாளுக்கு எந்தப் பிரசுரமும் இல்லை. சாதகக் குறிப்பு உண்டு. அது பிறந்த நாழிகையோடு நின்றுவிடும். அதற்குப் பின் வரும் இரண்டு ஆண்டுகளும் பெண்களின் நினைவில் மட்டும் தங்கின. எழுதி வைக்கத் தேவையிருக்கவில்லை, ஏனெனில் பார்த்தவர்கள் எல்லாரும் அதே ஒழுங்கையில் இருந்தார்கள்.

பல்லுக்கொழுக்கட்டை இதற்கு நல்ல உதாரணம். முதற்பல் தெரிந்ததும் நல்ல நாள் பார்த்து, பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல் குத்திக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையின் தலையில் வெள்ளைத்துணி பிடித்து மேலே கொட்டுவார்கள். முன்னால் புத்தகம், பேனை, நகை என்று பரப்பி வைத்துப் பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். உருண்டோடும் கொழுக்கட்டையைப் பொறுக்க அயற் பிள்ளைகள் வேண்டும். எடுத்த பொருளுக்கு விளக்கம் சொல்லக் கிழவர்கள் வேண்டும். தாயும் தகப்பனும் மட்டும் இருந்து செய்யக்கூடிய சடங்கல்ல இது.

எங்கள் மூத்த மகள் 1995 மே மாதம் பிறந்தாள். ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகப் பெயர்ந்தபோது அவளுக்கு 5 மாதம், பாட்டியல் கணக்கில் செங்கீரை. சைக்கிள் கரியரில் ஒரு பெட்டி. அதற்குள் அவளுடைய துணிகள், ஒரு மாப்பால் ரின், மருத்துவமாது நிறை பதிந்து தந்த அட்டை. தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பல குடும்பங்களோடு இருந்தோம். அங்கேதான் அவள் பிடியின்றி இருந்தாள். அங்கேதான் பல் முளைத்தது. பயறும் சர்க்கரையும் கிடைக்காததால் வெறும் அரிசிமாக் கொழுக்கட்டையைத்தான், அதுவும் முன்பின் தெரியாத ஒரு மூதாட்டி அவித்துக் கொண்டுவந்து கொட்டினார். மண்டபத்துப் பிள்ளைகள் எல்லாரும் பாய்ந்து பொறுக்கினார்கள். அந்த மண்டபத்தை நான் இலட்சியமாக்கவில்லை. வயிற்றோட்டம் பரவியது, மாப்பால் இல்லை, கழிப்பறைக்கு வரிசை. ஆயினும் பார்ப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். அவள் தன் பாட்டில் எழுந்து இருந்த மாலையில், எல்லாவற்றையும் இழந்து வந்த அந்த மண்டபம் கைதட்டியது.

3. தராசும் பச்சைப் புத்தகமும்

அவுஸ்திரேலியாவில் குழந்தையின் பருவங்களைப் பதிவது வேறொரு வரலாற்றிலிருந்து வந்தது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 100 குழந்தைகள் ஒரு வயதுக்கு முன் இறந்தன. அதைத் தடுக்கவே குழந்தைநல நிலையங்கள் தோன்றின. சிட்னியில் அலெக்சாண்ட்ரியா என்ற தொழிலாளர் பகுதியில் 1914 இலும், மெல்பேணில் றிச்மண்டில் 1917 இலும் முதல் நிலையங்கள் திறக்கப்பட்டன. மெல்பேண் முயற்சியின் முன்னோடிகளில் ஒருவர் வைத்தியர் இசபெல்லா யங்கர் றொஸ். முதலாம் உலகப் போரில் இந்நாடு ஏறத்தாழ 60,000 பேரை இழந்துகொண்டிருந்த காலம் அது. குழந்தையின் நிறை நாட்டின் பலமாக எண்ணப்பட்டது.

அந்த நிலையங்களின் தொடர்ச்சியாகவே இன்றைய தாய்சேய் நலச் சேவை இருக்கிறது. விக்ரோறியாவில் பிறப்பிலிருந்து மூன்றரை வயதுவரை 10 சந்திப்புகள், எல்லாம் இலவசம். பச்சைப் புத்தகம் ஒன்று தருவார்கள். நியூ சவுத் வேல்ஸில் அது நீலம். நிறை, உயரம், தலைச்சுற்றளவு, சிரிப்பு, இருப்பு, நடை எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. இந்தப் பதிவுக்குப் பின்னால் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னல்ட் கெசெல் 1920களில் தொடங்கிய ஆய்வுகளின் சாயல் இருக்கிறது. எந்த மாதத்தில் எந்தச் செயல் என்று நியமம் வகுத்தவர் அவர்.

எங்கள் பெண்களுக்கு இந்த முறை அந்நியமாக இருக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். களுத்துறையில் 1926 இல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இலங்கையில் மருத்துவமாது வீடு தேடி வந்தார். ஆகவே தராசைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. குழந்தைகள் சாகாமல் இருப்பதற்குத் தராசும் ஒரு காரணம். ஆனால் பதிவேட்டின் மொழியைக் கவனியுங்கள். பிள்ளைத்தமிழ் வா என்கிறது. பதிவேடு வந்துவிட்டதா என்று கேட்கிறது. முன்னையது அழைப்பு, பின்னையது பரிசோதனை. அருகில் ஆச்சி இல்லாத இளந்தாய்க்கு அந்தக் கட்டங்கள் மகிழ்ச்சியைவிட அச்சத்தையே அதிகம் கொடுத்தன. பக்கத்துப் பிள்ளை பதினொன்றில் நடந்துவிட்டது, எங்கள் பிள்ளை பதின்மூன்றிலும் நடக்கவில்லை என்ற கவலையை இங்கு எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன். மேற்சொன்ன 2006 அறிக்கை, கவனிக்கப்பட்ட குழந்தைகளில் 4.3 சதவீதமானவை கையும் முழங்காலும் ஊன்றித் தவழவேயில்லை என்று கூறுகிறது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையங்கள் 2022 இல் வெளியிட்ட புதிய பட்டியலில் தவழுதலையே நீக்கிவிட்டன. சில பிள்ளைகள் தவழாமலே நடக்கும் என்று ஊரில் கிழவிகள் சொன்னதை அறிவியல் சுற்றி வந்து ஏற்றிருக்கிறது.

இந்தப் பதிவேடு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரித் திறக்கப்படவில்லை என்பதே வரலாற்றின் கடினமான பக்கம். 1912 இல் அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் பிள்ளை பெற்ற தாய்க்கு 5 பவுண் கொடுப்பனவு வழங்கச் சட்டம் இயற்றியது. ஆசியப் பெண்களுக்கும், ஆதிக்குடிப் பெண்களுக்கும், பப்புவா மற்றும் பசிபிக் தீவுகளின் பெண்களுக்கும் அது இல்லை என்று அதே சட்டம் கூறியது. ஒரு தாயின் குழந்தையை நிறுத்துப் பார்த்த அரசு இன்னொரு தாயின் குழந்தையைப் பறித்துச் சென்றது. ஆதிக்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்த கொள்கை பற்றிய 1997 ஆம் ஆண்டு அறிக்கை, 1910 முதல் 1970 வரை மூன்றில் ஒன்றுக்கும் பத்தில் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவில் பிள்ளைகள் பிரிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. பிரதமர் கெவின் ரட் 2008 பெப்ரவரி 13 இல் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். தம் பிள்ளையின் முதல் நடையைப் பார்க்க விடப்படாத தாய்மார் இந்த மண்ணில் எங்களுக்கு முன்பே இருந்தார்கள். எங்கள் கதையைத் தனிக் கதையாகச் சொல்லும் பழக்கத்தை நாம் கைவிடவேண்டிய இடம் இது.

4. கசெற்றிலிருந்து கைத்தொலைபேசிக்கு

வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை 1973 இல் முடிவுக்கு வந்தபின் வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்று வந்த முதலாவது தொகுதித் தமிழரும், 1983 யூலைக்குப் பின் வந்தவர்களும் இங்கு பிள்ளை பெற்றபோது அயல் என்று ஒன்று அவர்களுக்கு இருக்கவில்லை. கம்பளம் விரித்த வீட்டில், பூட்டிய கதவுக்குள், தாயும் தகப்பனும் மட்டும் பார்க்கப் பிள்ளை நடந்தது. அந்த மகிழ்ச்சியை யாருக்குச் சொல்வது? ரெலிபோன் அழைப்பு விலை கூடியது. படம் அனுப்பினார்கள். சிலர் பிள்ளையின் மழலையைக் கசெற்றில் பதிந்து அனுப்பினார்கள்.

1990 க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு முதிய தம்பதிக்கு வெளிநாட்டிலிருந்து பேரனின் குரல் கசெற்றில் வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் றெக்கோடரை ஓட்டிக் கேட்டோம். மிதிப்பவர் களைத்தால் பேரனின் குரல் தடித்து இழுபடும். வேகமாகச் சுற்றினால் கீச்சிடும். அரை மணி நேரம் நாங்கள் மாறி மாறி மிதித்தோம். கசெற் மாதக்கணக்கில் பிந்தி வந்ததால் பிள்ளை அப்போது வேறு சொற்கள் பழகியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒழுங்கை ஒரு மழலைக்கு முழுச் சபையாக இருந்தது.

இப்போது நான் மெல்பேணின் தென்கிழக்கே டண்டினோங் பகுதியில் ஓர் உணவுப் பொதியிடும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ற் செய்கிறேன். பாடசாலை மண்டபத்தில் பல் முளைத்த மகள் இன்று தாய். அவளுடைய மகன் பிடியை விட்டு நாலு அடி வைத்ததை அவள் படம்பிடித்து அனுப்பியபோது நான் இடைவேளை அறையில் இருந்தேன். மேசையில் ஒரு ஹஸாரா, ஒரு வியட்நாமியர், தென்சூடானைச் சேர்ந்த ஒருவர், எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன். கைத்தொலைபேசி மேசையைச் சுற்றி வந்தது. நாலு மொழியில் வாழ்த்துக் கிடைத்தது. ஹஸாரா நண்பர் பையில் இருந்த உலர்ந்த முந்திரிகையை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். மெசினுக்குத் திரும்பிப் போகையில், அயல் என்பது நிலத்தோடு மட்டும் ஒட்டியதில்லை என்று தோன்றியது. இந்த மகிழ்ச்சியை ஒரு பேராசிரியர் குழாத்தின் முன் சொல்ல நான் கூச்சப்பட்டிருப்பேன்.

ஊர்ப் பொடியன் மட்டும் அன்று அதிகம் பேசவில்லை. அவன் படகில் வந்தவன். புறப்பட்டபோது மகளுக்கு 3 மாதம், காப்புப் பருவம். செங்கீரையும் சப்பாணியும் வருகையும் அவன் கண்டது திரையில்தான். தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது என்பதே அன்றைய விதி. 2023 பெப்ரவரியில் அரசாங்கம் அத்தகைய விசாக்களில் இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவுக்கு வழி திறந்தது. அவர்களில் பல தகப்பன்மார் பிள்ளையைச் சந்திக்கும்போது அது பத்து வயதுப் பிள்ளை. வேலிக்கு வெளியே இருந்தவர்களின் நிலை இது.

5. வேலிக்குள் வருகைப் பருவம்

1992 இலிருந்து அவுஸ்திரேலியச் சட்டத்தில் கட்டாயத் தடுப்பு இருக்கிறது. அந்தத் தடுப்பில் பருவங்களைக் கடந்த தமிழ்க் குழந்தைகள் உண்டு. இரண்டு சம்பவங்களை மட்டும் எடுக்கிறேன். இரண்டும் நாடறிந்தவை. பெயர்களைத் தவிர்க்கிறேன், அந்தப் பிள்ளைகள் இனிப் பெயர் தெரியாத பிள்ளைகளாக வளரும் உரிமை உடையவர்கள்.

முதலாவது சிட்னியில். 2010 இல் இரு மகன்மாருடன் படகில் வந்த ஒரு தமிழ்த்தாய் அகதியாக ஏற்கப்பட்டு மெல்பேணில் குடியிருந்தார். 2012 ஏப்ரலில் மறுமணம் செய்தார். மே மாதம், புலனாய்வு அமைப்பின் பாதகமான பாதுகாப்பு மதிப்பீடு ஒன்றைக் காரணம் காட்டி, அவரையும் பிள்ளைகளையும் சிட்னி வில்லவூட் தடுப்பு நிலையத்துக்குக் கொண்டுசென்றார்கள். 2013 ஜனவரியில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவர் தொடுத்த வழக்கில் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2013 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அவருடைய விடயம் பரிசீலிக்கப்பட்ட முறையில் சட்டத் தவறு இருந்தது என்று கூறிய நீதிமன்றம் விடுதலைக்கு உத்தரவிடவில்லை. அந்தத் தீர்ப்பில் அவருக்குப் பெயர் இல்லை. மனுதாரர் எம்76 என்ற இலக்கம் மட்டுமே. மதிப்பீடு மாற்றப்பட்டு அவர்கள் வெளியே வந்தது 2015 நவம்பரில். அப்போது சின்னவனுக்கு இரண்டே முக்கால் வயது கடந்துவிட்டது. பாட்டியல் வகுத்த 21 மாதங்களும், பத்துப் பருவங்களும் அந்தத் தடுப்புக் காலத்துள் முடிந்துவிட்டன.

இரண்டாவது மெல்பேணோடு தொடர்புடையது. வெவ்வேறு படகுகளில் வந்து இங்கே மணம்செய்து குயின்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச் 5 விடியற்காலையில் அதிகாரிகள் வந்து கொண்டுசென்றார்கள். மூத்த மகளுக்கு இரண்டு வயது. இளையவளுக்கு 9 மாதம் நிறையச் சில நாட்கள் இருந்தன. கைகொட்டும் பருவம். 1,500 கிலோமீற்றருக்கு அப்பால் மெல்பேண் புறோட்மெடோஸில் உள்ள தடுப்பு நிலையத்தில் அவளுடைய முதலாவது பிறந்தநாள் கழிந்தது. 2019 இல், இரண்டு வயதில், பழுதடைந்த பாற்பற்கள் அறுவைச் சிகிச்சை மூலம் அகற்றப்பட்டதாகக் குடும்பத்தின் ஆதரவாளர்கள் தெரிவித்தார்கள். பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய கைகளுக்கு இச்செய்தி என்ன பொருள் தரும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

2019 ஓகஸ்ட் 29 இரவு அவர்களை இலங்கைக்கு ஏற்றிச்சென்ற விமானம் பறந்துகொண்டிருக்கையில் நீதிபதி ஒருவரின் தடையுத்தரவு வந்தது. விமானம் டார்வினில் இறங்கியது. பின்னர் கிறிஸ்மஸ் தீவு. தாய் தகப்பனின் வழக்குகள் முடிந்த நிலையில் நாடுகடத்தலைத் தடுத்து நின்றது இளைய மகளின் பெயரில் இருந்த வழக்குத்தான். இந்த நாட்டில் பிறந்த குழந்தை, ஆயினும் சட்டப்படி கடல்வழியாக அனுமதியின்றி வந்தவர் என்ற வகைக்குள் அடங்கியவள். படகில் வந்தோருக்கு இங்கே பிறக்கும் குழந்தையையும் 2014 ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வகையில் சேர்த்திருந்தது. 2020 ஏப்ரலில் சமஷ்டி நீதிமன்றம் அவளுக்கு நடைமுறை நீதி மறுக்கப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. 2021 யூனில் இரத்தத்தில் கிருமித்தொற்றோடு அவளைப் பேர்த்துக்குக் கொண்டுவந்தார்கள். 2022 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. யூனில் குடும்பம் பிலோவீலாவுக்குத் திரும்பியது. சில நாட்களில் அவளுக்கு 5 வயது. தடுப்புக்கு வெளியே அவள் கண்ட முதலாவது பிறந்தநாள் அது. ஓகஸ்டில் நிரந்தர வதிவு கிடைத்தது.

மனித உரிமைகள் ஆணைக்குழு 2014 இல் நடத்திய விசாரணையின் அறிக்கை 2015 பெப்ரவரியில் வெளியானது. மறக்கப்பட்ட சிறுவர்கள் என்பது அதன் பெயர். குழந்தை தவழ்வதற்குப் பாதுகாப்பான நிலமில்லை என்ற தாய்மாரின் முறைப்பாடு அதில் இருக்கிறது. அரசின் கோப்பில் தவழுதல் என்ற சொல் ஒரு சாட்சியமாக இடம்பெற்றது இப்படித்தான்.

இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. பிலோவீலாக் குடும்பத்துக்காக நான்கு ஆண்டுகள் போராடியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் அந்த ஊரின் வெள்ளை அவுஸ்திரேலியர்கள். அவர்களில் பலர் அரசியற் செயற்பாட்டாளர்களாக இருந்தவர்கள் அல்லர். கடையிலும் வைத்தியசாலையிலும் தெருவிலும் அந்தப் பிள்ளைகள் வளர்வதைப் பார்த்தவர்கள். பிள்ளையின் பருவத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிள்ளை மேல் ஓர் உரித்து வந்துவிடுகிறது. எங்கள் கட்டுரைகளும் ஊர்வலங்களும் செய்ய முடியாததை ஒரு சிற்றூரின் பார்வை செய்தது. இதை எங்கள் அரசியல் சிந்தனையில் எங்கே வைப்பது என்று நாம் இன்னும் யோசிக்கவில்லை.

6. ஒரு முன்மொழிவு

என் வாதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். பிள்ளையின் பருவங்களைக் கண்டு மகிழ்வது வீட்டுக்குள் முடியும் விடயமாகத் தோன்றினாலும், அதற்குச் சாட்சிகள் தேவை. ஊர் அந்தச் சாட்சிகளைத் தந்தது. இடம்பெயர்ந்த மண்டபமும் தந்தது. புகலிடம் பதிவேட்டைத் தந்து சாட்சிகளை எடுத்துக்கொண்டது. சிலரிடமிருந்து பதிவேட்டுக்குரிய இயல்பான வாழ்வையும் எடுத்துக்கொண்டது. எனவே புகலிட வரலாற்றை எழுதுபவர்கள் ‘எப்போது வந்தீர்கள்’ என்ற கேள்வியோடு ‘உங்கள் பிள்ளை நடந்ததை யார் பார்த்தார்கள்’ என்ற கேள்வியையும் கேட்கவேண்டும்.

இதற்கு எதிராக இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றார் வாழும் சமூகத்தில் இந்த மகிழ்ச்சியைப் பேசுவது பொருத்தமா என்பது முதலாவது. பறிகொடுத்தவர்களோடு பேசிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்வதானால், அவர்கள் எங்களிடம் முதலில் சொல்வது பிள்ளை இறந்த விதத்தையல்ல. எத்தனை மாதத்தில் நடந்தான், முதலில் என்ன சொல் சொன்னாள் என்பதைத்தான். கேட்பவர்கள்தான் அதைத் தாண்டி யுத்தத்துக்கு அவசரப்படுகிறோம். இரண்டாவது ஆட்சேபம், இது தாய்மையைப் புனிதப்படுத்தும் பழைய பாட்டு என்பது. பெண்ணியத் தோழிகளின் இந்த எச்சரிக்கையை ஏற்கிறேன். இரவு முழுக்கப் பிள்ளையோடு விழித்திருந்து காலையில் தனியே பஸ் பிடித்து நிலையத்துக்குப் போன பெண்ணின் உழைப்பை மறைத்துவிட்டு அவளுடைய மகிழ்ச்சியை மட்டும் பதிந்தால் அது பொய்யான வரலாறாகும். இரண்டையும் அவளே சொல்லட்டும். தகப்பன்மாரும் சொல்லட்டும், சொல்லிப் பழகாதவர்கள் அவர்கள்தான்.

செய்யவேண்டிய வேலை பெரியதல்ல. மெல்பேணிலும் சிட்னியிலும் 1970களில் பிள்ளை பெற்ற தாய்மார் இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய மேசை இழுப்பறைகளில் மங்கிப்போன பச்சை, நீலப் புத்தகங்கள், பின்புறம் மாதம் எழுதிய படங்கள், ஊரிலிருந்து வந்த பதில் கடிதங்கள், ஓடாத கசெற்றுகள் இருக்கின்றன. அவற்றைப் படியெடுத்து, கதையைக் கேட்டுப் பதிந்து, ஒரு பொதுநூலகத்தில் வைக்கலாம். இவ்விதழ் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கம் ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம். கேட்கவேண்டிய கேள்விகள் சிலவற்றை இங்கே தருகிறேன்; வாசகர்கள் கூட்டியும் குறைத்தும் எழுதலாம்.

பிள்ளை எந்த நாட்டில், எந்த அறையில் உடம்பு பிரட்டியது? அப்போது அருகில் யார்? பல்லுக்கொழுக்கட்டை கொட்டினீர்களா, யார் அவித்தது, யார் பொறுக்கியது? முதற்சொல் எந்த மொழியில்? நடந்த நாளில் நீங்கள் வீட்டில் இருந்தீர்களா, வேலையிலா, தடுப்பிலா, வேறு நாட்டிலா? முதலில் யாருக்கு அறிவித்தீர்கள்? அறிவிப்பதற்கு ஆளிருந்ததா?